ஒரே பெயர்ப் பலகை, பல பல்கலைக்கழகங்கள்: அமெரிக்கப் பொதுப் பல்கலைக்கழகங்களை ஒப்பிட உதவும் கருவிகள் குறித்த மதிப்பீடு

அமெரிக்காவில் மாநில அரசுகளின் ஆதரவில் நடக்கும் பொதுப் பல்கலைக்கழகங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய குடும்பத்துக்குத் தகவலுக்குப் பஞ்சமில்லை. எந்தத் தகவல் தன்னுடைய கேள்விக்கு விடை சொல்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் காலம் போகிறது. தரவரிசைப் பட்டியல், மத்தியக் கல்வித் துறையின் இரண்டு இணையதளங்கள், செலவுக் கணிப்பான், பல்கலைக்கழகங்களே வெளியிடும் புள்ளிவிவர ஏடு, வளாகச் சுற்றுலா ஆகிய அனைத்தையும் 2024 ஆகஸ்ட் தொடங்கி 2025 ஏப்ரல் முடிய எங்கள் மகளுக்காகப் பயன்படுத்திப் பார்த்தோம். அவற்றுள் எது கைகொடுத்தது, எது காலை வாரியது என்பதை இங்கே எழுதுகிறேன். நாங்கள் டெக்சாஸில் வசிப்பவர்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள். மகள் படிக்க விரும்பியது கணினி அறிவியல். இந்த மூன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் இவற்றுள் ஒன்று மாறியிருந்தாலும் என் தீர்ப்பும் மாறியிருக்கும்.

தொடக்கத்தில் மகள் ஒரு தாளில் கட்டம் போட்டு, இடது ஓரத்தில் பல்கலைக்கழகங்களின் பெயர்களை மட்டும் எழுதினாள். இரண்டு வாரத்துக்குள் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுத வேண்டியதாயிற்று. காரணம், ஒரு பெயருக்கு ஒரு வரி என்பது போதவில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் என்ற ஒற்றைப் பெயரின் கீழ்ப் பத்து வளாகங்கள் இருக்கின்றன. அவற்றுள் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகம் இளநிலைப் பட்டப்படிப்பே நடத்துவதில்லை. ஒரே வளாகத்துக்குள்ளும் மாநிலவாசிக்கு ஒரு கட்டணம், வெளிமாநிலத்தவருக்கு வேறு கட்டணம். அதே வளாகத்தில் வரலாற்றுத் துறைக்குள் நுழைவதும் கணினித் துறைக்குள் நுழைவதும் ஒன்றல்ல. ஆகவே இரண்டாவது தாளில் ஒவ்வொரு வரியும் ‘வளாகம், துறை, நாங்கள் உண்மையில் கட்டப்போகும் தொகை’ என்ற மூன்று கட்டங்களோடு தொடங்கியது. அதன்பின் எந்தக் கருவியைத் திறந்தாலும் நான் கேட்ட கேள்வி ஒன்றே: இந்த மூன்று கட்டங்களில் எதை இது நிரப்பித் தரும்?

தரவரிசைப் பட்டியல்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. யூ.எஸ். நியூஸ் இதழ் 1983இல் தொடங்கிய பட்டியல்தான் இங்குள்ள குடும்பங்களின் விருந்துகளில் மேற்கோள் காட்டப்படுவது. அந்த இதழ் 2023இல் தன் கணக்கிடும் முறையை மாற்றி, வகுப்பின் அளவு, பழைய மாணவர்களின் நன்கொடை போன்றவற்றைக் கைவிட்டு, பட்டம் முடிப்போர் விகிதம் போன்ற விளைவுகளுக்குக் கூடுதல் எடை கொடுத்தது. அதனால் பல பொதுப் பல்கலைக்கழகங்கள் ஒரே ஆண்டில் பல படிகள் மேலே ஏறின. அந்த ஓர் ஆண்டில் அங்கே புதிதாக ஒரு பேராசிரியரும் வந்திருக்க வேண்டியதில்லை, ஒரு கட்டடமும் எழும்பியிருக்க வேண்டியதில்லை. அளவுகோலை மாற்றியவுடன் அளக்கப்பட்டவரின் உயரம் மாறிவிட்டது. மேலும், மதிப்பெண்ணில் ஐந்தில் ஒரு பங்கு பிற பல்கலைக்கழகங்களின் தலைவர்களிடமும் மூத்த நிர்வாகிகளிடமும் கேட்டு வாங்கும் நன்மதிப்புக் கருத்திலிருந்து வருகிறது. எங்கள் தாளின் மூன்று கட்டங்களில் ஒன்றையும் அது நிரப்பவில்லை. பெயர் கேள்விப்படாத நல்ல வளாகங்களை முதன்முதலாக அறிந்துகொள்ள அது பயன்பட்டது என்பதை மட்டும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்; பர்டூவும் மினசோட்டாவும் எங்கள் தாளுக்குள் வந்தது அப்படித்தான்.

கல்வித் துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளம் இதைவிட மிக உயர்ந்த நிலையில் இருக்கிறது. இன்றைய வடிவில் அது 2015இல் வெளிவந்தது. ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரைத் தட்டினால் ஆண்டுக்கான சராசரிச் செலவு, பட்டம் முடிப்போர் விகிதம், மாணவர்கள் சேர்ந்து பத்து ஆண்டுகளுக்குப் பின் பெறும் இடைநிலை வருமானம் (பாதிப்பேர் அதற்கு மேலும் பாதிப்பேர் அதற்குக் கீழும் பெறும் தொகை) ஆகியவை ஒரே பக்கத்தில் வருகின்றன. இன்னும் உள்ளே போனால் துறைவாரியாகவும் வருமானத்தைக் காட்டுகிறது. இதுதான் அதன் தலைசிறந்த பகுதி, ஏனெனில் ஒரே வளாகத்துக்குள் துறைக்குத் துறை இருக்கும் இடைவெளி சில சமயம் இரண்டு வளாகங்களுக்கு இடையே உள்ள இடைவெளியைவிடப் பெரியது என்பதைக் கண்ணெதிரே காட்டிவிடுகிறது. விளம்பரம் கிடையாது, கட்டணம் கிடையாது, மின்னஞ்சல் முகவரி கேட்டுத் தொல்லை செய்வதும் கிடையாது.

ஆனால் அந்த எண்கள் யாருடைய எண்கள் என்பதை அறியாமல் படிப்பது ஆழம் தெரியாமல் காலை விடுவதாகும். வருமானக் கணக்கில் மத்திய அரசின் நிதியுதவி பெற்ற மாணவர்கள் மட்டுமே வருகிறார்கள். நிதியுதவியே வாங்காத வசதியான வீட்டுப் பிள்ளைகளும், வாங்கத் தகுதியே இல்லாத எச்-4 நுழைவிசைவுப் பிள்ளைகளும் (எச்-1பி என்ற தற்காலிக வேலை நுழைவிசைவில் இருப்பவர்களின் பிள்ளைகள்) அதில் இல்லை. பொதுப் பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை அங்கே காட்டப்படும் சராசரிச் செலவு மாநிலவாசிகளுக்கு உரியது; டெக்சாஸில் உட்கார்ந்துகொண்டு மிச்சிகனின் செலவைப் பார்ப்பவருக்கு அந்த எண்ணால் எந்தப் பயனும் இல்லை, தவறான நம்பிக்கை தருவதைத் தவிர. வருமானமும் ஊரைப் பொறுத்தது. சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களுள் பலர் சிலிக்கான் பள்ளத்தாக்கிலேயே வேலைக்குச் செல்கிறார்கள். அவர்களுடைய ஊதியம் உயரமாகத் தெரியும், அவர்கள் கொடுக்கும் வீட்டு வாடகை அந்தப் பக்கத்தில் தெரியாது.

அதே கல்வித் துறையின் கீழ் வரும் காலேஜ் நேவிகேட்டர் என்ற தளம் தோற்றத்தில் பழைய அரசு அலுவலகக் கோப்பைப் போன்றது. ஆனால் நான்கு ஆண்டுகளில் முடித்தவர்கள், ஆறு ஆண்டுகளில் முடித்தவர்கள் என்று பட்டம் முடிப்போரை அது பிரித்துத் தருகிறது. குடும்ப வருமானத்தை ஐந்து படிகளாக, அதாவது 30,000 டாலர் வரை, 48,000 வரை, 75,000 வரை, 1,10,000 வரை, அதற்கு மேல் என்று பிரித்து, ஒவ்வொரு படியிலும் உதவித்தொகை போக எவ்வளவு கட்டினார்கள் என்றும் தருகிறது. இந்த இரண்டு தகவல்களும் தங்கம். நான்கு ஆண்டு விகிதத்துக்கும் ஆறு ஆண்டு விகிதத்துக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். கேட்டால் கிடைக்கும் விடை எப்போதும் கெட்டதாக இருக்காது: ஜார்ஜியா டெக்கில் ஒரு பருவம் படிப்பு, ஒரு பருவம் நிறுவன வேலை என்று மாறி மாறிச் செய்பவர்கள் இருப்பதால் ஐந்தாம் ஆண்டு அங்கே இயல்பானது. வேறு சில இடங்களில் அதே இடைவெளிக்குக் காரணம், தேவைப்படும் பாடத்தில் இடம் கிடைக்காமல் மாணவர் ஒரு பருவம் காத்திருந்ததாக இருக்கும். எண் ஒன்று, கதை இரண்டு. ஐந்தாம் ஆண்டு என்பது கூடுதலாக ஓர் ஆண்டுக் கட்டணமும் ஓர் ஆண்டு வாடகையும் என்பதால், இந்தக் கேள்வியைக் கூச்சமின்றிக் கேட்கலாம்.

இனி செலவுக்கு வருகிறேன். காலேஜ் போர்டு அமைப்பின் கணக்குப்படி 2024–25ஆம் ஆண்டில் நான்காண்டுப் பொதுக் கல்லூரிகளில் படிப்புக் கட்டணத்தின் சராசரி மாநிலவாசிக்கு 11,610 டாலர், வெளிமாநிலத்தவருக்கு 30,780 டாலர். இந்த ஒற்றை இடைவெளி மற்ற எல்லா ஒப்பீட்டையும் விழுங்கிவிடக் கூடியது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் வெளிமாநிலத்தவர் கட்ட வேண்டிய கூடுதல் தொகை மட்டுமே ஆண்டுக்கு 30,000 டாலரைத் தாண்டுகிறது. இதற்கு நேர்மாறாக, பர்டூ பல்கலைக்கழகம் தன் கட்டணத்தை 2012–13இல் இருந்த அளவிலேயே ஆண்டுக்கணக்காக நிறுத்தி வைத்திருக்கிறது. இண்டியானாவாசிக்கு 9,992 டாலர், வெளிமாநிலத்தவருக்கு 28,794 டாலர். அதன் இன்னொரு முகம், சேர வருவோரின் கூட்டம் பெருகி விடுதி அறைகளுக்கு ஏற்பட்ட நெருக்கடி.

இந்த இடைவெளியைக் குறைக்கச் சில வாசல்கள் உண்டு. எந்தத் தளமும் அவற்றைத் தானாக எடுத்துச் சொல்வதில்லை. மேற்கு மாநிலங்கள் சேர்ந்து நடத்தும் வெஸ்டர்ன் அண்டர்கிராஜுவேட் எக்ஸ்சேஞ்ச் திட்டத்தில் சேர்ந்த பல்கலைக்கழகங்கள், உறுப்பு மாநிலங்களிலிருந்து வருபவரிடம் மாநிலவாசிக் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் வாங்குவதில்லை. எங்கள் மாநிலம் அதில் இல்லாததால் எங்களுக்கு அது எட்டாக்கனி. ஆனால் வெளியிலிருந்து டெக்சாஸுக்கு வர நினைப்பவர்களுக்கு வேறொரு வாசல் இருக்கிறது: போட்டி அடிப்படையில் குறைந்தது 1,000 டாலர் உதவித்தொகை பெறும் வெளிமாநில மாணவருக்கு மாநிலவாசிக் கட்டணத்தையே அனுமதிக்கப் பல்கலைக்கழகத்துக்கு மாநிலச் சட்டம் இடம் தருகிறது. இடம்தான் தருகிறது, கட்டாயப்படுத்தவில்லை; எந்த வளாகம் எவ்வளவு தாராளமாகத் தருகிறது என்பதை அந்தந்த அலுவலகத்தில் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

செலவுக் கணிப்பான் என்பது 2011 அக்டோபர் முதல் ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையதளத்தில் வைத்திருக்க வேண்டும் என்று மத்தியச் சட்டம் விதித்தது. குடும்ப வருமானம், சேமிப்பு, வீட்டில் எத்தனை பேர் என்பனவற்றைக் கொடுத்தால், உதவித்தொகை கழித்து நாம் கட்ட வேண்டிய தொகையை அது கணித்துச் சொல்லும். கருத்தளவில் இதைவிட நல்ல கருவி இல்லை. நடைமுறையில், கணிப்பான்களுக்குள் ஏணி வைத்தாலும் எட்டாத வேறுபாடு இருக்கிறது. சில இருபது முப்பது கேள்விகள் கேட்டு, விடுதிச் செலவு வரை பிரித்துக் காட்டுகின்றன. சில ஐந்தாறு கேள்வியோடு முடித்துக்கொண்டு ஒரு சராசரியை நம் முகத்தில் வீசுகின்றன.

ஒரு வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தின் கணிப்பான் எங்களை நன்றாக ஏமாற்றியது, பெயர் வேண்டாம். மகள் எண்களை நிரப்பி முடித்ததும் திரையில் வந்த தொகையைப் பார்த்து வீட்டில் ஒரு சிறு கொண்டாட்டமே நடந்தது. மறுநாள் காலை நான் அந்தப் பக்கத்தை மீண்டும் திறந்து, அடியில் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தாக இருந்த குறிப்பைப் படித்தேன். அந்தக் கணக்கு மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய கட்டணத்தை வைத்துப் போடப்பட்டது என்று அதில் இருந்தது. வசிப்பிடம் கேட்கும் கட்டத்தில் நாம் தொடாவிட்டால் ‘மாநிலவாசி’ என்பதே தேர்வாகி நிற்கும் என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். திருத்திப் போட்டபோது தொகை ஏறத்தாழ இரு மடங்கானது. அன்று முதல் எந்தக் கணிப்பானிலும் நாங்கள் முதலில் பார்த்தது அது எந்த ஆண்டுக்கான கணக்கு என்பதைத்தான்.

கணிப்பான்களில் மற்றொரு குறை துறைவாரிக் கட்டண வேறுபாடு பெரும்பாலும் விடுபடுவது. இலினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெயின் வளாகத்தில் பொறியியல் மாணவரின் கட்டணம் கலைப்பிரிவு மாணவரின் கட்டணத்தைவிடக் கூடுதல். மிச்சிகனில் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு கட்டணம், பின் இரண்டு ஆண்டுகளுக்கு அதைவிட உயர்ந்த கட்டணம். கணிப்பான் முதலாண்டைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். நான்கால் பெருக்கிப் பார்த்து மனத்தைத் தேற்றிக்கொண்ட பெற்றோர் மூன்றாம் ஆண்டில் விழித்துக்கொள்வார்கள். இந்த விஷயத்தில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைப் பாராட்ட வேண்டும். 2022இலிருந்து சேரும் ஒவ்வோர் ஆண்டுக் குழுவுக்கும், சேரும்போது இருக்கும் கட்டணமே ஆறு ஆண்டுகள் வரை மாறாமல் இருக்கும் என்று அது உறுதி தந்திருக்கிறது. கட்டணம் கூடுதல்தான், ஆனால் என்ன தொகை என்று முதல் நாளே தெரிந்துவிடுகிறது.

இப்போது நான் மிகவும் மதிக்கும் கருவிக்கு வருகிறேன். காமன் டேட்டா செட் என்பது ஒரு தளம் அல்ல. பதிப்பகங்களும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து வகுத்த ஒரு கேள்விப் படிவம். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுதோறும் அதே கேள்விகளுக்கு அதே வரிசையில் விடை எழுதித் தன் புள்ளிவிவர அலுவலகப் பக்கத்தில் வைக்கிறது. ஏ முதல் ஜே வரை பத்துப் பகுதிகள், முப்பது நாற்பது பக்கங்கள், படமே இல்லாத அட்டவணைகள். சுவாரசியம் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை; சுற்றுலாவில் கிடைக்கும் வழவழப்பான கையேட்டுக்கு முன்னால் அது ரேஷன் அட்டை மாதிரி இருக்கும். ஆனால் எல்லாரும் ஒரே கேள்விக்கு விடை எழுதியிருப்பதால், இரண்டு பல்கலைக்கழகங்களின் ஏடுகளை அருகருகே விரித்தால் உண்மையான ஒப்பீடு தானாக நடக்கிறது.

சேர்க்கையைப் பற்றிய சி பகுதியில் ஏழாவது அட்டவணையை முதலில் பாருங்கள். பள்ளி மதிப்பெண், பாடங்களின் கடினம், கட்டுரை, பரிந்துரைக் கடிதம் எனப் பலவற்றையும் வரிசையாகக் கொடுத்து, ஒவ்வொன்றும் ‘மிக முக்கியம்’, ‘முக்கியம்’, ‘கருதப்படும்’, ‘கருதப்படாது’ என்பதில் எது என்று பல்கலைக்கழகமே குறியிட்டிருக்கும். மாநிலவாசி என்பதற்கும் அங்கே ஒரு வரி உண்டு. வெளிமாநிலத்தில் விண்ணப்பிக்கும் முன் அந்த வரியைப் பார்க்காமல் விண்ணப்பக் கட்டணம் கட்டுவது காசைக் கரியாக்குவது. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சாப்பல் ஹில் வளாகத்தில் முதலாண்டு மாணவர்களுள் வெளிமாநிலத்தவர் 18 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு பல காலமாக இருக்கிறது. மிச்சிகனிலோ ஏறத்தாழப் பாதிப்பேர் வெளியிலிருந்து வருபவர்கள். பட்டியலில் அருகருகே நிற்கும் இந்த இரண்டும் வெளியூர்ப் பிள்ளையைப் பொறுத்தவரை வேறு வேறு உலகங்கள்.

வகுப்பின் அளவைச் சொல்லும் ஐ பகுதி இன்னும் நுட்பமானது, இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ‘எங்கள் வகுப்புகளில் இத்தனை விழுக்காடு இருபது மாணவர்களுக்கும் குறைவானவை’ என்பது பல்கலைக்கழகங்கள் விரும்பிச் சொல்லும் வாக்கியம். அந்த வாக்கியம் பொய் இல்லை. ஆனால் அது வகுப்பை எண்ணுகிறது, மாணவரை எண்ணவில்லை. பத்து வகுப்புகள் உள்ள ஒரு துறையை எடுத்துக்கொள்வோம். ஒன்பது வகுப்புகளில் தலா 15 பேர், பத்தாவதில் 300 பேர். வகுப்புகளை எண்ணினால் 90 விழுக்காடு சிறியவை. இருக்கைகளை எண்ணினால் மொத்தம் 435. அவற்றுள் 300 அந்த ஒரே பெரிய அரங்கில் இருக்கின்றன. அதாவது பத்தில் ஏழு இருக்கைகளில் அமர்பவர் காண்பது பேராசிரியரின் முகத்தை அல்ல, திரையை. ஏட்டில் 2 முதல் 9, 10 முதல் 19 என்று தொடங்கி 100க்கு மேல் என்பது வரை வகுப்புகளின் எண்ணிக்கை பிரித்துத் தரப்பட்டிருப்பதால் இந்தக் கணக்கை நாமே தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஆறு பல்கலைக்கழகங்களுக்குப் போட்டாள். கையேடுகளில் இருந்த வரிசை முற்றிலும் புரண்டுவிட்டது. அந்த விழுக்காட்டுக்காகவே சில இடங்களில் வகுப்புகள் திட்டமிட்டு இருபதுக்குக் கீழே நிறுத்தப்பட்டதும் உண்டு. கிளெம்சன் பல்கலைக்கழக அலுவலர் ஒருவரே, இருபதைச் சற்றுத் தாண்டிய வகுப்புகளைக் குறைத்துவிட்டு, ஏற்கெனவே பெரிதாக இருந்தவற்றைப் பெருக விட்டதை 2009இல் ஒரு மாநாட்டில் விளக்கியது அப்போது பெரிய செய்தியானது.

நிதியுதவியைச் சொல்லும் எச் பகுதி, வெளியிலிருந்து மாறி வருபவர்களைச் சொல்லும் டி பகுதி, எந்தத் துறையில் எத்தனை விழுக்காடு பட்டங்கள் என்று சொல்லும் ஜே பகுதி ஆகியவையும் பயனுள்ளவை. குறைகளும் இருக்கின்றன. எச் பகுதி மாநிலவாசியையும் வெளிமாநிலத்தவரையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டிய சராசரியைத் தருகிறது. சேர்க்கை எண்கள் முழுப் பல்கலைக்கழகத்துக்கும் உரியவை, துறைவாரியாக இல்லை. சில பல்கலைக்கழகங்கள் ஏட்டைப் பொதுவில் வைப்பதில்லை, வேறு சிலவற்றின் பக்கங்களில் அதைத் தேடி எடுக்கத் தனித் திறமை வேண்டும். இருந்தும் ஐந்துக்கு நான்கு தருவேன். மற்ற கருவிகளில் எதற்கும் இரண்டரைக்கு மேல் தர மனம் வரவில்லை.

துறை என்ற கட்டம்தான் எங்கள் தாளில் கடைசி வரை காலியாக நின்றது. டெக்சாஸில் 1997ஆம் ஆண்டுச் சட்டம், பள்ளி வகுப்பில் முதல் பத்து விழுக்காட்டில் வரும் மாணவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாக இடம் என்று விதித்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்துக்கு மட்டும் அந்த எல்லை சுருங்கி, 2025 இலையுதிர்ச் சேர்க்கைக்கு 6 விழுக்காடாகவும் 2026க்கு 5 விழுக்காடாகவும் ஆகியிருக்கிறது. மகள் 6 விழுக்காட்டுக்குள் இருந்ததால், உறவினர்கள் பலர் எங்களுக்கு முன்கூட்டியே வாழ்த்துச் சொல்லிவிட்டார்கள். ஆனால் சட்டம் உறுதி செய்வது வளாகத்தில் இடத்தை. கேட்ட துறையை அல்ல. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்கு வருபவர் பொதுப் பொறியியல் மாணவராகவே நுழைந்து, முதலாண்டுக்குப் பின்னரே துறைக்குப் பிரிக்கப்படுகிறார். மதிப்பெண் சராசரி 4க்கு 3.75 இருந்தால் முதல் விருப்பம் உறுதி, இல்லையென்றால் போட்டி. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலுக்கு நேரடியாகத் தேர்வாகாமல் உள்ளே போய்விட்டுப் பிறகு மாறிக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம் என்பதை அந்தத் துறையே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. இலினாயில் கணினி அறிவியலை மொழியியலோடோ வானியலோடோ மானுடவியலோடோ இணைத்த பட்டங்கள் இருக்கின்றன. கதவு ஒன்றல்ல, பல. இந்த விதிகள் எதுவும் தரவரிசையிலும் இல்லை, ஸ்கோர்கார்டிலும் இல்லை, காமன் டேட்டா செட்டிலும் இல்லை. துறையின் சொந்தப் பக்கத்தில், ‘துறை மாற்றம்’ என்ற தலைப்பின் கீழ்தான் இருக்கின்றன. அதைப் படிக்க ஒரு மாலை ஒதுக்கியிருந்தால் நாங்கள் இரண்டு விண்ணப்பங்களை அனுப்பியே இருக்க மாட்டோம்.

வளாகச் சுற்றுலாவை நான் கருவியாகவே எண்ணவில்லை, நல்லதொரு நடைப்பயிற்சியாக எண்ணுகிறேன். பின்னோக்கி நடந்துகொண்டே பேசும் மாணவ வழிகாட்டி, உடற்பயிற்சிக் கூடத்தில் உள்ள பாறையேற்றச் சுவர், உணவுக்கூடத்தின் வகைகள் ஆகியவை எங்கே போனாலும் ஒரே வார்ப்பில்தான் இருக்கின்றன. ஒரு பெரிய வளாகத்தில் சுற்றுலா முடிந்ததும் மகள் எங்களை விட்டுவிட்டுக் கணினித் துறைக் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்குப் போனாள். ஆலோசகர் அறைக்கு வெளியே தரையில் உட்கார்ந்து மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவியிடம், அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்துவிட்டீர்களா என்று கேட்டாள். அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் திரையைத் திருப்பிக் காட்டினாளாம். கட்டாயப் பாடம் ஒன்றுக்குக் காத்திருப்போர் பட்டியலில் அவளுடைய எண் 47. திரும்பும் வழியில் மகள், “அம்மா, டூர்ல காட்டினது வேற காலேஜ், நான் பார்த்தது வேற காலேஜ்” என்றாள். அதன் பிறகு ஒவ்வொரு வளாகத்திலும் நாங்கள் சுற்றுலாவைத் தவிர்த்துவிட்டு ஆலோசகர் அறை வாசலுக்கு நேராகப் போனோம். ஒரு மணி நேரத்தில் அங்கே கிடைத்த தகவல் வேறெங்கும் கிடைக்கவில்லை.

கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறும் வழியை எங்கள் மக்கள் இரண்டாந்தரமாகப் பார்ப்பது ஒரு வேடிக்கை. கலிஃபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு இதற்கென்றே அசிஸ்ட் என்ற தளம் இருக்கிறது. எந்தச் சமுதாயக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்த வளாகத்தின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்பதை வரிக்கு வரி காட்டுகிறது. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், விதித்த பாடங்களையும் மதிப்பெண்ணையும் முடித்தவருக்கு மாறுதல் இடத்தை உறுதியே செய்கின்றன. துறைக்குத் துறை விதி மாறும், சில துறைகள் இந்த உறுதிக்குள் வரவும் வராது. துறை, வளாகம் என்ற இரண்டு கட்டங்களையும் ஒரே தேடலில் நிரப்பித் தரும் தளம் நான் பார்த்தவற்றுள் இது ஒன்றுதான். அது எங்கள் மாநிலத்தில் இல்லாமல் போனது எங்கள் போதாத காலம்.

எச்-4 நுழைவிசைவில் இருக்கும் குடும்பங்களுக்குத் தனியாகச் சில வரிகள் எழுத வேண்டும். மத்திய அரசின் நிதியுதவிக்கான ஃபாஃப்ஸா படிவத்தின் வழியே அவர்களுக்கு எதுவும் கிடையாது. ஆகவே ஸ்கோர்கார்டின் சராசரிச் செலவும், உதவித்தொகை போகக் கட்டிய தொகையைக் காட்டும் வருமானப் படிகளும் அவர்களுக்குப் பொருந்தாத எண்கள். மாநிலவாசிக் கட்டணம் எச்-4 பிள்ளைகளுக்கு உண்டா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. 21 வயது நிரம்பியதும் எச்-4 முடிந்து பெரும்பாலோர் எஃப்-1 மாணவர் நுழைவிசைவுக்கு மாறுகிறார்கள். அப்போது கட்டண வகையும் மாறுமா என்பதைச் சேரும் முன்பே பல்கலைக்கழகத்தின் வசிப்பிட அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நான் பார்த்த ஒரு கணிப்பான்கூட இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

ஏப்ரல் மாதக் கடைசி வாரத்தில் எங்கள் தாளில் நான்கு வரிகள் மிஞ்சின. ஒன்று கேட்ட துறையைத் தராமல் இடம் தந்த வளாகம். ஒன்று துறையைத் தந்து உதவித்தொகை தராத வெளிமாநில வளாகம். மற்ற இரண்டுக்கும் இடையே இருந்த வேறுபாடு, முதலாண்டு உதவித்தொகையைத் தொடர்ந்து பெற வேண்டிய மதிப்பெண் சராசரி: ஒன்றில் 3.0, மற்றொன்றில் 3.5. பொறியியலில் முதல் ஆண்டு எப்படி இருக்கும் என்பதை அறிந்த என் கணவர், 3.5 என்ற எண்ணைச் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டார். சம்மதம் சொல்லக் கடைசி நாளான மே 1க்கு இரண்டு நாள் இருக்கும்போது மகள் மற்றதற்குச் சம்மதம் தெரிவித்து முன்பணம் கட்டினாள்.

அந்தத் தாளின் வெற்றுப் படிவத்தை இப்போது என் தோழியின் மகனிடம் கொடுத்திருக்கிறோம். அவனுடைய பெற்றோர் எச்-1பியில் இருக்கிறார்கள். அவன் அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கிறான். தாளை வாங்கியதும் அவன் ‘கட்டப்போகும் தொகை’ என்ற கட்டத்தைக் குறுக்கே கோடு போட்டு இரண்டாகப் பிரித்தான். கோட்டுக்கு மேல் முதலாண்டு என்று எழுதினான். கோட்டுக்குக் கீழே தனக்கு 21 வயது நிரம்பும் தேதியை எழுதினான்.